மெனோபாஸ் வயதுப் பெண்களுக்குத் தனி விடுப்பா, நேரத் தளர்வா?

வைட்ஃபீல்டு ஹெச்ஆர்:
கர்நாடக அரசு 2025-இல் கொண்டுவந்த மாதவிடாய் விடுப்பின்படி 18 முதல் 52 வயது வரையுள்ள பெண்களுக்கு மாதம் ஒரு நாள், வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு லீவு. மெனோபாஸுக்கும், அதாவது மாதவிடாய் நிற்கும் காலத்துக்கும், இதுபோலத் தனி விடுப்பு வேண்டும் என்று இங்கே பெங்களூரில் சிலர் கேட்கிறார்கள். கூடாது என்பது என் கட்சி. இரவெல்லாம் வியர்த்து விடியற்காலையில்தான் கண் அயர்ந்தவருக்குத் தேவை காலையில் இரண்டு மணி நேரம். ஒரு முழு நாளைக் கொடுத்துவிட்டு மீதி நாட்களில் கண்டுகொள்ளாமல் விடுவது உதவியே இல்லை.

அதற்குப் பதில் நான் சொல்வது நேரத் தளர்வு: காலை 8 முதல் 11 மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் லாகின், காரணம் கேட்காமல். வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை. இதில் பலர் கோட்டை விடுவது ஆட்களை ஏற்றி வரும் கம்பெனி கேப் விஷயத்தில். யார் எந்த வண்டியில் என்ற ரோஸ்டர் முந்தைய நாள் மாலையே பூட்டப்பட்டுவிடும். காலை கேப்பை விட்டவர் அவுட்டர் ரிங் ரோட்டில் சொந்தச் செலவில் வர வேண்டியிருந்தால், தளர்வை யாரும் எடுக்க மாட்டார்கள். 10 மணிக்கு இரண்டாவது பிக்கப், இல்லையென்றால் ஆட்டோ காசைத் திருப்பிக் கொடுப்பது, இரண்டில் ஒன்று விதியிலேயே இருக்க வேண்டும். 9.30 மீட்டிங்கையும் 11.30-க்குத் தள்ள வேண்டும்.

பீன்யா சங்கம்:
மேடம், லேப்டாப் வேலைக்கு இது சரி. கார்மெண்ட்ஸ்ல எல்லாருக்கும் ஒரே பஞ்ச், ஒரே பெல். ஒரு லைன்ல 30 ஆபரேட்டர், மணிக்கு 60 பீஸ் டார்கெட்னு வைங்க. ஒரு பீஸுக்கு ஒரு நிமிஷம். காலர் வைக்கிறவங்க உடம்பு திகுதிகுன்னு எரியுதுன்னு அஞ்சு நிமிஷம் முகம் கழுவப் போனா, அவங்க மிஷின் முன்னாடி அஞ்சு பீஸ் தேங்கிடும். அடுத்து இருக்கிறவங்க கையில வேலை இருக்காது. சூப்பர்வைசர் சத்தம் போடுவார். அதுக்குப் பயந்து பெண்கள் தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்கிறாங்க. அப்புறம் நீர்க்கடுப்பு, தலைசுத்தல். ஸ்டீம் அயர்ன் செக்‌ஷன்ல நிக்கிறவங்க நிலைமை இதைவிட மோசம். இவங்களுக்கு லீவு வேணும், லைன்ல மாத்தாளும் வேணும். ரெண்டுல ஒண்ணு கொடுத்தாப் பத்தாது.

மகளிர் மருத்துவர், ஜெயநகர்:
இருவரும் வெவ்வேறு தொந்தரவுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையின் வெப்பக் கட்டுப்பாடு கூர்மையாகிவிடுகிறது. உடல் சூடு இம்மி கூடினாலும் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து வியர்வை கொட்டும். ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 1 முதல் 5 நிமிடம். இதற்கு லீவு தேவையில்லை. காற்று, குளிர்ந்த நீர், எழுந்து போகும் உரிமை, பாலியெஸ்டர் சீருடைக்குப் பதில் பருத்தி, இவை போதும்.

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் வரும் அதிக உதிரப்போக்கு வேறு விஷயம். மணிக்கொரு நாப்கின் மாற்றும் நிலையில் ஒரு பெண்ணை மிஷின் முன் உட்கார வைக்கக் கூடாது. அந்த நாளில் லீவேதான். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. நேரத்தை மாற்றிக் கொடுத்து அதைச் சரிசெய்ய முடியாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் வியர்வையும் வரும், அதனால் டிஎஸ்ஹெச் பரிசோதனையும் தேவை. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி உதிரம் பட்டால், துளியானாலும் உடனே காட்ட வேண்டும்.

ராஜாஜிநகர் சிறுதொழில்:
எல்லாம் நியாயம்தான். என்னைப் போன்ற சிறு முதலாளிக்குக் காசு எங்கிருந்து வரும்? 30 பேருக்கு ஒரு மாற்றாள் என்றால் கூலிச் செலவு 3.3 சதவீதம் ஏறும். அதற்கு மேல் தனி விடுப்பும் வந்தால் 40 தாண்டிய பெண்ணை யாரும் சேர்க்க மாட்டார்கள். மாதவிடாய் விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்கள் வேலையிலிருந்து ஒதுக்கப்படலாம் என்று உச்ச நீதிமன்றமே 2024 ஜூலையில் சொன்னது. மெனோபாஸ் விடுப்பைச் சோதித்துப் பார்க்கச் சொன்ன நாடாளுமன்றக் குழுவின் பரிந்துரையை 2023-இல் பிரிட்டன் அரசும் ஏற்கவில்லை. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. உடம்பு முடியாத நாட்களுக்கு வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். டாக்டர் சான்றிதழோடு அதை எடுக்கட்டுமே.

பீன்யா சங்கம்:
சார், ஈஎஸ்ஐல முதல் ரெண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தின லீவு முடிஞ்சு 15 நாளைக்குள்ள மறுபடி விழுந்தாத்தான் அந்த ரெண்டு நாள் கழிவு இல்ல. ஒரு நாள் உதிரப்போக்குக்கு அங்க ஒத்தப் பைசா வராது. சான்றிதழ் வாங்க டிஸ்பென்சரி வரிசையில நின்னா அந்த நாள் கூலியும் போச்சு.

மாத்தாள் செலவைத் தனியாக் கணக்குப் போடாதீங்க. திங்கட்கிழமையும் சம்பளத்துக்கு மறுநாளும் லைன்ல ஆள் குறையத்தான் செய்யுது. அன்னைக்கும் அதே ஆள்தான் ஈடு கட்டுவாங்க. அதுவும் முடியலன்னா ஒவ்வொரு மிஷின் முன்னாடியும் 10 பீஸ் கையிருப்பு வைங்க. அஞ்சு நிமிஷம் ஒருத்தர் எழுந்து போனாலும் லைன் நிக்காது.

ராஜாஜிநகர் சிறுதொழில்:
10 பீஸ் கையிருப்பு செய்யக்கூடியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தையலில் பிசகு வந்தால் கண்டுபிடிப்பதற்குள் 10 பீஸும் பிரிக்க வேண்டியதாகிவிடும். முதலில் காலர், கை இணைப்பு இரண்டு இடத்தில் மட்டும் வைத்துப் பார்க்கலாம். சான்றிதழ் இல்லாத லீவுக்கு மட்டும் என் பதில் மாறாது.

வைட்ஃபீல்டு ஹெச்ஆர்:
சான்றிதழ் கேட்டால் 46, 47 வயதுப் பெண் தன் உடம்பை மேனேஜரிடம் விளக்க வேண்டிவரும். சொல்ல மாட்டார், ராஜினாமா எழுதுவார். எந்தக் கோளாறுக்கும் எல்லோரும் எடுக்கும்படி ஒரே ‘உடல்நலத் தளர்வு’ படிவம் வையுங்கள். அதில் என்ன மாற்றம் வேண்டும், எதுவரை வேண்டும், இவ்வளவே. காரணத்துக்குக் கட்டமே கூடாது. 3 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். ஆண்களும் எடுப்பதால் ‘40 தாண்டிய பெண்’ என்ற முத்திரையும் விழாது.

மகளிர் மருத்துவர், ஜெயநகர்:
படிவம் நல்லது. மாதவிடாய் விடுப்பின் 52 வயது வரம்பைத்தான் நான் ஏற்கவில்லை. நடுவயதுப் பெண்களைப் பற்றிய அமெரிக்காவின் ஸ்வான் ஆய்வில், இந்தத் திடீர்ச் சூடும் வியர்வையும் அடிக்கடி வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருடத்துக்கு மேல் நீடித்தது. அதனால் 52-ஐத் தாண்டியும் தொந்தரவு தொடரலாம். கருப்பையோடு சினைப்பைகளையும் 38 வயதில் எடுத்துவிட்டவருக்கு மாதவிடாயே கிடையாது, தொந்தரவோ சில நாட்களிலேயே முழு வேகத்தில் தொடங்கலாம். இவர்கள் மாதவிடாய் விடுப்பு என்று எழுதிக் கொடுக்க முடியாது.

பீன்யா சங்கம்:
டாக்டர் சொன்ன ரெண்டு பேரும் எங்க லைன்ல இருக்காங்க. ஹெச்ஆர் மேடம், உங்க படிவத்துல முழு நாள் லீவுக்கும் ஒரு கட்டம் போடுங்க. அது இருந்தா சங்கத்துல பேசி ஒத்துக்க வைக்கிறேன்.