செவிலியர் சாப்பிடப் போகும் அந்த அரை மணி நேரம்: கலிபோர்னியா விகிதச் சட்டம் பற்றி

வைகைக்கரை:
நண்பர் கணக்கன் நேற்று வேறோர் இழையில், ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் இத்தனை நோயாளிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்னும் கலிபோர்னியாவின் செவிலியர் விகிதச் சட்டம் வெறும் காகிதம் என்றும், ஒரு செவிலியர் சாப்பிடப் போனால் பக்கத்தில் இருப்பவர் பத்து நோயாளிகளைப் பார்ப்பதுதான் அங்கே நடைமுறை என்றும் எழுதியிருக்கிறார். அந்த மாநிலத்தில் பொது வார்டில் பணிபுரியும் எனக்கு இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. 1999-இல் ஆளுநர் கிரே டேவிஸ் கையொப்பமிட்ட அந்தச் சட்டத்தின்படி 2004 ஜனவரி முதல் விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. பொது வார்டில் ஒரு செவிலியருக்கு முதலில் ஆறு நோயாளிகள், 2005 முதல் ஐந்து. அவசரப் பிரிவில் நான்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு. உணவு இடைவேளையிலும் இந்த எண்ணிக்கை குலையக் கூடாது என்பதை எதிர்த்து மருத்துவமனைகளின் சங்கம் வழக்குத் தொடுத்து, 2004-இலேயே சாக்ரமெண்டோ நீதிமன்றத்தில் தோற்றது. அன்று தோற்ற வாதத்தை இன்று தூசி தட்டிக் கொண்டுவந்திருக்கிறார் நண்பர்.

கணக்கன்:
வழக்கில் வென்றதையும் வார்டில் நடப்பதையும் அம்மையார் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார். நான் டெக்சாஸில் மருத்துவமனை நிதிப் பிரிவில் இருப்பவன். கணக்கு எனக்குத் தெரியும். விகிதத்தை மீறினால் இவ்வளவு என்று தனி அபராதத்தைக் கலிபோர்னியா 2019-இல்தான் சட்டமாக்கியது. அதுவரை பிடிபட்ட மருத்துவமனை திருத்தத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தால் போதுமானதாக இருந்தது. அத்தனை ஆண்டுகளும் மதிய வேளையில் வார்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை, வரலாற்றுப் பாடம் வந்திருக்கிறது.

வைகைக்கரை:
பதில் வேண்டுமானால் இதோ. எங்கள் வார்டில் பிரேக் நர்ஸ் என்று ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்கிறார். தமக்கென்று நோயாளிகளை வைத்துக்கொள்ளாமல், சாப்பிடப் போகிறவரின் ஐந்து பேரைக் குறிப்புகளோடு ஏற்றுக்கொள்வதே அவருடைய வேலை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் மீறலுக்கு 15,000 டாலர், அடுத்தடுத்த மீறல்களுக்கு 30,000 டாலர் அபராதம். செவிலியர் பணி பற்றிய ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் குழுவினரும் 2002-இல் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவை நோயாளி முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்று எழுதினார்கள். அப்படியானால் ஐந்து பத்தாகும் அரை மணி நேரத்தை அற்பம் என்று தள்ளுவதற்கு நிதிப் பிரிவில் இருப்பவரால்தான் முடியும்.

பழுவூரான்:
இடையில் ஓர் ஐயம். இந்த விகிதத்தில் 'செவிலியர்' என்று யாரைக் கணக்கில் சேர்க்கிறார்கள்? பதிவு பெற்ற செவிலியரை மட்டுமா? எல்.வி.என். எனப்படும், குறைந்த காலப் பயிற்சியோடு உரிமம் பெற்ற செவிலியர்களும் பாதி வரை இருக்கலாம் என்று விதியில் இருக்கிறதே. அதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் நல்லது.

கணக்கன்:
அம்மையார் சொல்லும் அந்த 7 விழுக்காடு மருத்துவமனை முழுவதற்குமான சராசரிப் பணிச்சுமையைப் பற்றியது, அரை மணி நேரத்தைப் பற்றியது அன்று. மேலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, நோயாளிகளின் எண்ணிக்கை எதிர்பாராமல் ஏறியிறங்கியது என்றும், உடனே ஆள் தேடினோம் என்றும் மருத்துவமனை காட்டிவிட்டால் அபராதம் இல்லை என்று வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியாக யானையே போகும். பிரேக் நர்ஸ் உங்கள் வார்டில் இருக்கலாம். மாநிலம் முழுவதும் இருக்கிறார் என்பதற்கு என்ன சான்று? மாசசூசெட்ஸ் மக்கள் 2018-இல் இதே போன்ற சட்டத்தை வாக்குப்பெட்டியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் எதிர்த்துத் தோற்கடித்ததையும் நினைவில் கொள்ளுங்கள்.

வைகைக்கரை:
உணவு இடைவேளை முன்கூட்டியே தெரிந்த ஒன்று. அது எப்படி எதிர்பாராத ஏற்ற இறக்கம் ஆகும்? நாள்தோறும் வரும் மதிய வேளையைக் கண்டு வியப்படையும் நிர்வாகம் டெக்சாஸில் இருக்கிறது போலும். மாசசூசெட்ஸில் எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பணம் கொட்டியவர்கள் மருத்துவமனைக்காரர்கள். அதே மாநிலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென 2014-இல் இயற்றிய சட்டம் அந்த வாக்கெடுப்புக்குப் பின்னும் நடைமுறையில் இருக்கிறது என்பதை நண்பர் வசதியாக விட்டுவிட்டார். உங்கள் டெக்சாஸின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியர் எண்ணிக்கை பற்றிச் செய்ததெல்லாம், அதை முடிவு செய்ய மருத்துவமனைக்குள் குழு அமைத்துத் திட்டமிடச் சொன்னதுதான். ஒரு செவிலியருக்கு எத்தனை பேர் என்று அது வாய் திறக்கவில்லை.

மூன்றாம்மணி:
இருவரும் சென்ற ஆண்டு வேலைநிறுத்தம் பற்றிய இழையில் தொடங்கிய சண்டையைத்தான் இங்கே தொடர்கிறீர்கள் என்பது பழைய உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரியும். அன்று கணக்கன் செவிலியர் சங்கங்களைச் 'சந்தா வசூல் கடை' என்றார். அம்மையார் அதை இன்னும் மறக்கவில்லை.

வைகைக்கரை:
மறக்கவில்லைதான், மறக்கவும் மாட்டேன். 2004 நவம்பரில் ஆளுநர் ஸ்வார்ஸ்நெக்கர் அவசர விதி ஒன்றைப் பிறப்பித்து, ஐந்து என்ற விகிதத்தைத் தள்ளிப்போட்டார். தெருவில் இறங்கியும் நீதிமன்றம் ஏறியும் 2005 மார்ச்சில் அதை வீழ்த்தியவர்கள் அந்தச் 'சந்தா வசூல் கடை'க்காரர்கள்தாம். சங்கம் இல்லாத மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் இடைவேளையைப் பற்றிக் கவலைப்படுவது வேடிக்கையாக இருக்கிறது.

கணக்கன்:
டெக்சாஸில் சங்கமே இல்லை என்பது தவறு. அதைப் பிறகு தனியாகப் பேசலாம். 2020 டிசம்பரில், கொரோனா அலை எழுந்தபோது, உங்கள் மாநில அரசே விகிதங்களிலிருந்து தற்காலிக விலக்கு வழங்கியதே, அது எந்தக் கணக்கில் சேரும்? உயிர் போகும் காலத்திலேயே தளர்த்தக்கூடிய எண், சாப்பாட்டு வேளையில் மட்டும் அசையாது என்று நாங்கள் நம்ப வேண்டுமா?

பழுவூரான்:
எல்.வி.என். பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வைகைக்கரை:
பெருந்தொற்றுக் காலத்து விலக்கு வேறு, மதியச் சோறு வேறு. நான் கேட்பது ஒன்றே. இடைவேளையில் ஒரு செவிலியர் பத்து நோயாளிகளைப் பார்க்கலாம் என்று அனுமதிக்கும் விதி எது? எண்ணோடு எழுதுங்கள். முதல் பதிவிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கணக்கன்:
விதி இருக்கிறது என்று நான் எங்கே சொன்னேன்? நடைமுறை என்றேன். பிரேக் நர்ஸின் சம்பளம் எந்த மருத்துவமனையின் ஏட்டில் எந்தத் தலைப்பில் வருகிறது என்று நீங்கள் முதலில் காட்டுங்கள்; விதி எண்ணைப் பிறகு தேடுவோம்.

வைகைக்கரை:
நழுவுகிறார் பாருங்கள். விதி எண் எங்கே?