உதவியாளரை நானே அமர்த்திக்கொள்ளும் முறை: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

நாற்காலிக்காரி:
தண்டுவடத்தில் அடிபட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அரசு செலவில் ஒரு நிறுவனம் ஆள் அனுப்புகிறது. யார் வருவார், எப்போது வருவார் என்பது அழைப்பு மணி அடிக்கும்போதுதான் தெரியும். சென்ற மாதம் மட்டும் ஏழு புது முகங்கள். இடது காலை முழங்காலுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும், கணுக்காலைப் பிடித்தால் கால் வெட்டி இழுத்துக்கொள்ளும் என்று ஏழு பேருக்கும் முதலிலிருந்து பாடம் நடத்தினேன். இப்போது அந்தப் பணத்தை என்னிடமே கொடுத்துவிடுகிறோம், ஆளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சம்பளக் கணக்கு என்றாலே எனக்குத் தலை சுற்றும். சேரலாமா?

இரவுப்பறவை:
யோசிக்காமல் சேருங்கள். முன்பெல்லாம் இரவு எட்டு மணிக்கே என்னைப் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு வேலை நேரம் அதோடு முடிகிறதாம். எனக்கு வயது 42! இப்போது பதினொன்றரைக்குப் படுக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
கொஞ்சம் பொறுங்கள். கையில் எவ்வளவு தருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஜெர்மனியில் 1995 முதல் பராமரிப்புக் காப்பீட்டில் ஆள் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். பணமாக வாங்கினால் இன்று ஆளுக்கு ஒதுக்கும் தொகையில் பாதிகூடத் தேறாது. இப்படிப் பணமாகத் தரும் திட்டத்தை விரிவாக்குகிறோம் என்று யார் சொன்னாலும் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

பழையவள்:
ஆறு ஆண்டுகளாக இந்த முறையில் இருக்கிறேன். இது சும்மா வந்த உரிமை இல்லை. பிரிட்டனில் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சிகள் இந்த உதவியைப் பணமாகக் கொடுக்கவே கூடாது என்று இருந்தது. மாற்றுத்திறனாளிகள் போராடி 1996-இல்தான் மாற்ற வைத்தார்கள். அப்போதும் 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கதவு மூடியே இருந்தது, 2000-இல்தான் திறந்தது.

தொல்லையையும் சொல்கிறேன். ஒரே ஒருவரை நம்பியிருந்தேன். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, காய்ச்சல் என்று செய்தி அனுப்பினார். சிறுநீர்ப்பை முட்ட முட்ட, பிற்பகல் மூன்று மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவரை நோக முடியுமா? முதலாளி நான்தானே! இப்போது பகுதி நேரமாக இருவர் வருகிறார்கள். விடுப்புச் சம்பளத்துக்கும் மாற்று ஆளுக்கும் தனித்தொகை உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். சம்பளக் கணக்குக்கு வழி இருக்கிறது. ஸ்வீடனில் உதவி பெறுபவர்களே கூட்டுறவு அமைப்பு நடத்துகிறார்கள். கணக்கு வழக்கை அது பார்த்துக்கொள்ளும், ஆளைத் தேர்ந்தெடுப்பது நாம். உங்கள் பக்கம் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

நாற்காலிக்காரி:
நன்றி அக்கா. நேர்காணலில் என்ன கேட்பீர்கள்?

பழையவள்:
ஒன்றும் கேட்பதில்லை. காலைத் தூக்கிவிடச் சொல்வேன். "எப்படித் தூக்கட்டும்?" என்று கேட்பவரை வைத்துக்கொள்வேன்.