ஃபேன் போட்டால் சுருதி இறங்குகிறது

வீட்டிலேயே அனலாக் சிந்தசைஸர் (மின்சுற்றால் ஒலி எழுப்பும் வாத்தியம்) செய்தவர்கள், அதில் சுருதியை உண்டாக்கும் சுற்றான ஆஸிலேட்டரோடு மல்லுக்கட்டிய கதையைச் சொல்லுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

வோல்டேஜ் ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். முதல் போர்டில் அந்த வேலையை ஒரே ஒரு டிரான்சிஸ்டரிடம் விட்டுவிட்டேன். ராத்திரி சுருதி சேர்த்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஃபேனைப் போட்டதும் சரசரவென்று இறங்கியது. கணக்குப் போட்டால் அது இறங்காமல் இருந்தால்தான் அதிசயம். பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 18 மில்லிவோல்ட் கூடினாலே கரண்ட் இரட்டிப்பாகும், அதோடு சுருதியும் ஒரு ஸ்தாயி ஏறும். சூடு ஒரு டிகிரி மாறினால் அதே இடத்தில் கிட்டத்தட்ட 2 மில்லிவோல்ட் நகர்கிறது. டிகிரிக்கு அரை ஸ்வரத்துக்கும் மேல்! பக்கத்தில் டீ கிளாஸ் வைத்தாலே சுருதி ஏறியது.

அப்புறம் ஒரு கைப்பிடி பிசி547 டிரான்சிஸ்டர் வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து, ஒத்துப்போன இரண்டை முகத்தோடு முகம் ஒட்டினேன். ஒன்றின் நகர்வை மற்றது சரிக்கட்டிவிடும். ஆனாலும் மேல் ஸ்தாயி ஒட்டவில்லை. மிச்சமிருக்கும் பிழை டிகிரிக்கு 0.33 சதவீதம்தான். ஆனால் அது ஸ்தாயி இடைவெளியையே நீட்டிச் சுருக்குகிறது, மூன்று ஸ்தாயி தள்ளிப் போனால் டிகிரிக்கு 12 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கடைசியில் சிஏ3046 என்ற ஐசி கைகொடுத்தது. ஒரே சில்லில் ஐந்து டிரான்சிஸ்டர். ஒன்றை ஹீட்டராக்கி, ஒன்றைச் சூடு பார்க்க வைத்து, இரண்டை வேலைக்கு விட்டேன். சென்னை மே மாதத்தில் பெட்டிக்குள்ளேயே வெந்துபோகும் என்பதால் 60 டிகிரியில் நிறுத்தினேன். இப்போது அசைவதில்லை. ஆனால் இரண்டு ஆஸிலேட்டரைச் சேர்த்து வாசித்தால் பொம்மை ஆர்கன் மாதிரி உயிரே இல்லை.

* * *

அண்ணா, எனக்கும் அப்படித்தான் ஆனது. நான் ஸ்டெபிலிட்டி மேல் பழியைப் போட்டேன், குற்றவாளி பவர் லைன். ரம்பப்பல் அலை ஒவ்வொரு தடவை விழும்போதும் சப்ளையில் ஒரு குத்து விழும். அந்தக் குத்து பக்கத்து ஆஸிலேட்டரையும் அதே நேரத்தில் விழவைக்கும். சுருதி நெருங்கினால் போதும், இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஸ்கோப்பில் பாருங்கள், 440-க்கும் 440.5-க்கும் நடுவே இரண்டு வினாடிக்கு ஒருமுறை வர வேண்டிய அலைவு வரவே வராது.

ஒவ்வொரு போர்டுக்கும் சப்ளை வழியில் 10 ஓம் ரெசிஸ்டர், அதற்குப் பின்னால் கிரவுண்டுக்கு ஒரு கெபாசிட்டர், கிரவுண்டுக்குத் தனித்தனி ஒயர். செலவு சில ரூபாய். அன்றைக்கு ராத்திரி தம்புரா கேட்ட மாதிரி இருந்தது. அதில் சாரணி, அனுசாரணி இரண்டும் ஒரே ஷட்ஜம்தானே, ஆனாலும் ஒன்று மற்றதோடு பூட்டிக்கொள்வதில்லை.

* * *

தம்பி சொல்வது சரி. கூடவே ஒன்று: அசைவு வேண்டுமென்றால் அதை வெயில் தீர்மானிக்க விடாதீர்கள். நான் நாய்ஸை (ஒழுங்கில்லாத இரைச்சல் சிக்னலை) ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டி, ஒவ்வொரு ஆஸிலேட்டருக்கும் தனித்தனியாக 2, 3 சென்ட் அளவுக்குக் கலக்கிறேன். ஒரே நாய்ஸை இரண்டுக்கும் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே ஆடும், பயனில்லை. கடிகாரத் துடிப்பில் ஓடியதால் சுருதி அசையாத ரோலண்ட் ஜூனோ-60 சிந்தசைஸரில், ஒலியை இரட்டித்து லேசாக அசைக்கும் கோரஸ் வைத்ததால் ஒலி விரிந்தது. நமக்கு அது தேவைப்படவில்லை.

* * *

பத்து ஓம் போட்டேன். பூட்டு விட்டது! நாய்ஸ் அடுத்த ஞாயிற்றுக்கிழமை.