மறு: வேஸ்ட்கேட், பூஸ்ட், வேக்கம் லீக்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். வண்டிப் பாகங்களுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிற நம் பட்டியலில் டர்போவைச் சேர்ந்த வரிகளுக்கும் அதையொட்டி வந்த கேள்விகளுக்கும் என் பதில் இது. டர்போ என்பது எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற கருவி.

> 14. வேஸ்ட்கேட் – கழிவு வாயில்

இந்த வரியைப் படித்ததும் கூவம் கரையில் நிற்கிற மாதிரி இருந்தது. புகைக்குழாயில் போகிற எல்லாமே கழிவுதான். கழிவு என்பதால் அந்தக் கதவுக்கு அந்தப் பேர் வரவில்லை. டர்போவின் சுழலியைச் சுற்றத் தேவையானது போக மிச்சப் புகையைச் சுழலிப் பக்கம் விடாமல் ஒதுக்கி அனுப்புகிற கதவு அது. அது திறக்காவிட்டால், ஏற்கெனவே நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடுகிற டர்போ கட்டில்லாமல் எகிறும். எஞ்சினுக்குள் காற்று அளவுக்கு மீறித் திணியும். அப்புறம் பிஸ்டனுக்கு ஆயுசு இல்லை.

நான் முன்வைக்கும் சொல்: கலிங்கு.

ஏரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். என் மகனைப் போல அண்ணாநகரை விட்டு வெளியே வராதவர்களுக்காக: ஏரி நிரம்பினால் கரை உடையாமல் உபரி நீர் வழிந்து போகக் கட்டி வைத்த இடம் அது. செங்கல்பட்டுப் பக்கம் கலங்கல் என்பார்கள். மதுராந்தகம் ஏரி நிரம்புகிற வருசம் செய்தியில் அந்தச் சொல் அடிபடும். கலங்கல் என்றால் சேற்று நீர் என்றும் ஆகிவிடுவதால் கலிங்கே மேல்.

பழைய கலிங்குகளின் மேல் வரிசையாகக் கல் நட்டிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? கற்களுக்கு நடுவே பலகை செருகி, மண்ணும் புல்லும் வைத்து அடைத்து, கூடுதலாகக் கொஞ்சம் நீரைத் தேக்கிக்கொள்வார்கள். டர்போ ஏற்றுகிற காற்றழுத்தம்தான் பூஸ்ட்; அதைக் கட்டுப்படுத்துகிற மின்காந்த வால்வான பூஸ்ட் கன்ட்ரோல் சொலினாய்டு செய்வதும் இதேதான். வெறும் ஸ்பிரிங்கை நம்பினால் கதவு, உதாரணத்துக்கு, 0.5 பார் அழுத்தத்திலேயே திறந்துவிடும். பூஸ்ட் அழுத்தம் பட்டதும் கதவைத் தள்ளித் திறக்கிற டப்பாதான் ஆக்சுவேட்டர். அதற்குப் போகிற அழுத்தத்தில் ஒரு பங்கை வழியிலேயே வடியவிடுகிறது சொலினாய்டு. ஆக்சுவேட்டர் ஏமாந்து, 0.9 வரை கதவைத் திறக்காமல் இருக்கிறது. பலகை செருகிய கலிங்கு!

> புறவழிக் கதவு என்றால் எல்லாருக்கும் புரியுமே?

புரியும், மதுரவாயல் புறவழிச்சாலை புண்ணியத்தில். ஆனால் அதே டர்போவில் காற்றுப் பக்கம் இன்னொரு வால்வு இருக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எஞ்சினுக்குக் காற்று விடுகிற த்ராட்டில் மூடும்போது, முட்டி நிற்கிற காற்றை மறுபடி கம்ப்ரசர் (டர்போவில் காற்றை அழுத்துகிற பகுதி) வாய்க்கே திருப்பி விடுவது அது. புறவழி அதற்குத்தான் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

> ஏரியில் அளப்பதும் வழிவதும் ஒரே நீர். இங்கே அளப்பது காற்றை, வழிவது புகை. உவமை இடிக்கிறது.

ஒப்புக்கொள்கிறேன், நல்ல அடி. ஆனால் உவமை முழுசாகப் பொருந்தினால்தான் ஆச்சு என்றால் குதிரைத்திறனும் நிற்காது.

> 17. வேக்கம் லீக் – வெற்றிடக் கசிவு

என் நிஜமான சண்டை இங்கேதான். போன ஆடியில் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது என் வண்டியில் எஞ்சின் விளக்கு எரிந்து இழுவை செத்துவிட்டது. பத்து வருசப் பழைய பெட்ரோல் டர்போ. அணைத்துப் போட்டால் சரியாகும்; அடுத்த மேட்டில் அதே கதை. ஒரு பெரிய பட்டறையில் ஸ்கேனரைச் செருகினார்கள். பி0299 என்ற கோளாறு எண் வந்தது, அதாவது பூஸ்ட் போதவில்லை. "டர்போ போயிடுச்சு சார்" என்று லட்சத்தை ஒட்டி ஒரு மதிப்பீட்டையும் நீட்டினார்கள்.

புதுப்பேட்டையில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர். அவர் டர்போவைத் தொடவேயில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சுவேட்டரின் ராடைப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. ஹோஸைக் கழற்றி, மீட்டர் வைத்த, காற்றை உறிஞ்சுகிற கை பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி நாலு அழுத்து அழுத்தினார். ராடு சரக்கென்று உள்ளே போய் நின்றது, முள் இறங்கவில்லை. "டயாஃப்ரம் நல்லா இருக்கு. காத்து வேற எங்கயோ புடிக்குது" என்றார். டயாஃப்ரம் என்றால் ஆக்சுவேட்டருக்குள் இருக்கிற சவ்வு. சொலினாய்டுக்குப் போகிற ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போய், அடியில் வளைகிற இடத்தில் மடக்கினார். நகம் அளவுக்கு வாய் பிளந்தது. சூட்டில் காய்ந்து ரப்பர் அப்பளமாகியிருந்தது. ஒரு முழம் சிலிக்கான் ஹோஸ், இரண்டு கிளிப், வேலை முடிந்தது.

என் வண்டியில் கலிங்குக் கதவை இழுத்து மூடிப் பிடிப்பது வேக்கம், அதாவது ஹோஸில் காற்றை உறிஞ்சுகிற இழுப்பு. ஹோஸ் கிழிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், கதவு மூடாது, பூஸ்ட் ஏறாது. பல வண்டிகளில் இது நேர்மாறு: காற்றழுத்தம்தான் கதவைத் தள்ளித் திறக்கும். அங்கே அதே ஹோஸில் அதே கிழிசல் என்றால் காற்று வெளியே போய்விடும், கதவு திறக்காது, பூஸ்ட் எல்லை தாண்டி பி0234 வரும். ஒரே ஓட்டை, நேரெதிர்க் கோளாறு. இரண்டுக்கும் கசிவு என்றே எழுதினால் படிக்கிறவர் எதைத் தேடுவார்? கசிவு என்றாலே நம் காதுக்கு உள்ளிருந்து வெளியே வருவதுதான். வெற்றிடம் எப்படிக் கசியும்?

அதனால் வெளியே போவது காற்றுக் கசிவு, உள்ளே வருவது காற்றுப் பிடிப்பு. பட்டறையில் ஏற்கெனவே வழங்குகிற பேச்சு. நாம் எழுத்தில் ஏற்றினால் போதும். வீட்டில் சொன்னேன், "இடுப்புலயா?" என்று கேட்டாள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

மற்றவை சுருக்கமாக. பூஸ்ட்டுக்கு மிகையழுத்தம் என்று வைத்தால், அதுவே எல்லை மீறும்போது மிகை மிகையழுத்தம் என்று எழுத நேரும். ஏற்றழுத்தம் என்று வைத்துக்கொண்டால் ஏற்றழுத்தக் குறைவு, ஏற்றழுத்த மிகை என்று இரண்டு பக்கமும் நீட்டலாம். ஹோஸுக்குள் இருப்பது முழு வெற்றிடம் இல்லை, வெளியை விடக் குறைந்த அழுத்தம்தான். தாழ்வழுத்தம் எனலாம், ஐப்பசி வந்தால் வானிலைச் செய்தி கேட்கிற ஊருக்கு இது புதுசு இல்லை. சொலினாய்டை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

ஆக்சுவேட்டர்தான் உதைக்கிறது. இயக்கி என்ற சொல்லைக் கணினிக்காரர்கள் டிரைவருக்கு எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அண்ணன் ராடைக் காட்டி "இந்தக் கை அசையணும் சார்" என்றார். ராடுக்குக் கலிங்குக்கை என்று போடலாம். அதை அசைக்கிற டப்பாவுக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யோசனை இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை பட்டியலைத் திருத்துகிறேன்.