மறு: 'எண்ணாக்கம்' மட்டும் போதாது, 'படியிடல்' வேண்டும்

வணக்கம்.

மக்கள் சொல்லும் பதில் போன்ற பண்புசார் தரவைச் சுட்டெண்ணாக, அதாவது நிலைமையைச் சுருக்கிக் காட்டும் ஒரே எண்ணாக, மாற்றும் வேலைக்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் பேச்சில், 'எண்மயமாக்கம்' என்ற சொல்லை ஐயா ஒருவர் முன்வைத்திருந்தார். 'எண்மயம்' இப்போது டிஜிட்டலுக்கே நிலைத்துவிட்டது. பழைய பட்டாவை ஸ்கேன் செய்வதைச் சொல்கிறோம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அதற்குப் பதிலாக 'எண்ணாக்கம்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. சரி, அதை வைத்துக்கொள்ளலாம். என் குறை வேறு: இந்த ஒரே சொல் மூன்று வேலைகளை மூடி மறைக்கிறது.

எங்கள் தருமபுரிப் பக்கம் ஒரு குடிநீர்க் கணக்கெடுப்பு என்று வைத்துக்கொள்வோம். பென்னாகரம் வட்டத்தில் ஒரு வீட்டில், "ஒகேனக்கல் தண்ணி குடிக்க மட்டும், சோறாக்க போர் தண்ணிதான்" என்கிறார்கள். இதை 'இரண்டு நீர்மூலம்' என்று எழுதிக்கொள்வது குறியிடல். நீர்ப் பாதுகாப்புக்கு ஐந்தில் எத்தனை என்று போடுவது அடுத்த வேலை. போர் தண்ணியிலுள்ள ஃபுளோரைடு சமையல் வழியாகவும் உள்ளே போகும் என்று தெரிந்தவர் இரண்டு போடுவார்; குழாய் இருக்கிறதே என்பவர் நான்கு போடுவார். இந்த இடத்துக்குத்தான் நம்மிடம் பெயர் இல்லை.

இதே ஃபுளோரைடு விஷயத்தில், அதனால் பல்லில் விழும் கறைக்கு அமெரிக்கப் பல் மருத்துவர் டீன் 1942இல் தந்த வகைப்பாடு நல்ல உதாரணம். மிக அதிகம் பாதிக்கப்பட்ட இரண்டு பற்களைப் பார்த்துப் பிள்ளையை ஒரு வகையில் சேர்ப்பார்கள். இயல்பு 0, ஐயம் 0.5, மிக லேசு 1, லேசு 2, மிதம் 3, கடுமை 4. ஓர் ஊர்ப் பிள்ளைகளின் சராசரி 0.6ஐத் தாண்டினால் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை. பத்துப் பிள்ளைகளில் நால்வர் இயல்பு, இருவர் ஐயம், இருவர் மிக லேசு, ஒருவர் லேசு, ஒருவர் மிதம் என்றால் கூட்டல் 8, சராசரி 0.8. இப்போது 'ஐயம்' என்பதற்கு 0, 'மிக லேசு' என்பதற்கு 0.5 என்று மாற்றிப் பாருங்கள். சராசரி 0.6, அதாவது எல்லைக்கோட்டில் வந்து நிற்கும். பல்லிலுள்ள கறை அப்படியேதான் இருக்கிறது. லேசிலிருந்து மிதத்துக்கும் மிதத்திலிருந்து கடுமைக்கும் ஒரே தூரம் என்பதும் பல் சொன்னதில்லை, நாம் வைத்துக்கொண்டது.

அதனால் சொற்களுக்கு எண் கொடுக்கும் இந்த நடுவேலையைப் 'படியிடல்' என்று தனியே சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. படி என்றால் ஏறும் படியும் உண்டு, கேழ்வரகு அளக்கும் படியும் உண்டு. வரிசை, அளவு இரண்டும் இதற்குள் அடங்கிவிடும். 'தரமிடல்' என்றால் நல்லது கெட்டது என்ற வாடை அடிக்கிறது. 'மதிப்பிடல்' ஏற்கெனவே நூறு வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. படியெடுத்தல் என்றால் நகல் ஆயிற்றே என்று யாராவது கேட்பீர்கள். வினை வேறு, குழம்பாது.

மூன்றாவது, கூட்டிச் சேர்ப்பது. அதற்குச் 'சுட்டெண்ணாக்கம்' போதும், எடை கொடுப்பதும் அதற்குள்ளேயே வந்துவிடும். 'எண்ணாக்கம்' மூன்றுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும்.

இன்னொன்று பாக்கி. இருவர் தனித்தனியே படியிட்டால், தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்து, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கக் கோகென் 1960இல் தந்த காப்பா அளவு இருக்கிறதே, அதற்குப் 'படியொப்பு' எனலாமா? புள்ளியியல் நடத்தும் அம்மா இதைப் பார்த்துச் சொன்னால் நல்லது. வகைப்பெயர் மட்டும் உள்ள, வரிசையே இல்லாத தரவுக்கும் காப்பா பொருந்தும் என்பதால் 'குறியொப்பு' சரியோ என்றும் தோன்றுகிறது.