“ஸ்கூல் குரூப் பாக்கணும்”னு போன் வாங்குற பையன் திரும்பக் குடுக்க மாட்டேங்குறான். வழி இருக்கா?

கொழுந்துக்கூடை (கோத்தகிரி பக்கம்)

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

பையன் மூணாவது படிக்கிறான். பொண்ணுக்கு நாலு வயசு, அங்கன்வாடி. வீட்டுல இருக்கறது என்னோட போன் ஒண்ணுதான். அவங்க அப்பா பிக்கப் ஓட்டுறார். கேரட், பீட்ரூட் லோடு ஏத்திட்டு ராத்திரியே மேட்டுப்பாளையம் இறங்கிடுவார். அவர் போன் அவரோட போயிடும். நான் காலையில கொழுந்து எடுக்கப் போனா வீடு திரும்ப நாலரை ஆயிடும். வீட்டுல மாமியார் இருக்காங்க.

பள்ளிக்கூடத்துச் சேதி எல்லாமே இப்ப வாட்ஸ்அப் குரூப்லதான் வருது. வீட்டுப்பாடம், நாளைக்கு என்ன கொண்டு வரணும், மழை லீவு, மீட்டிங் எல்லாம். நான் உள்ள நுழைஞ்சதும் பையன், “அம்மா, டீச்சர் என்ன போட்டிருக்காங்கன்னு பாக்கணும்”னு கை நீட்டுறான். படிப்பு விஷயம், எப்படி மாட்டேன்னு சொல்றது? ரெண்டு நிமிஷம் கழிச்சு உள் ரூம்ல இருந்து வர்ற குரல் டீச்சர் குரல் இல்ல. எவனோ ஒருத்தன் பொம்மை டப்பாவைப் பிரிச்சுக்கிட்டுக் கத்திக்கிட்டிருப்பான். அப்புறம் ஒண்ணரை, ரெண்டு மணி நேரம். சின்னதும் போய் அண்ணன் தோள்ல சாஞ்சுக்கும். பிடுங்கினா அழுகை, ராத்திரி சோறு இறங்காது.

இத்தனைக்கும் சேதியாவது ஒழுங்கா வந்து சேருதான்னா, அதுவும் இல்ல. மழை லீவை ஈடு கட்ட போன சனிக்கிழமை பள்ளிக்கூடம் வச்சிருக்காங்க. அந்தச் சேதி அறுபது எழுபது குட்மார்னிங் பூவுக்கு நடுவுல எங்கயோ புதைஞ்சு கிடந்துச்சு. மூணாவதுல என் பையன் மட்டும்தான் வரலையாம்.

செஞ்சு பாத்தது:

பேட்டர்ன் லாக் போட்டேன். ரெண்டே நாள்ல திறந்துட்டான். எப்படின்னு ஒளிஞ்சு நின்னு பாத்தேன். போனை பல்புக்கு நேரா சாய்ச்சுப் பிடிக்கிறான். சமையல் பண்ண கையோட நான் கோடு இழுத்ததுல கண்ணாடி மேல எண்ணெய்த் தடம் எல் மாதிரி பளபளன்னு தெரியுது. அதையே அவனும் இழுத்துட்டான். கோபத்தோட கொஞ்சம் பெருமையும் வந்துச்சு, அது வேற விஷயம்.

நெட் பேக் போடாம விட்டேன். லீவுன்னு தெரியாம மழையில குடை பிடிச்சுக்கிட்டுப் போய் பூட்டின கேட்டைப் பாத்துட்டு வந்தோம்.

அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சேன். அவர் மேட்டுப்பாளையத்துல இருந்து கூப்பிட்டார், பானை பாடுச்சு.

தயவு செஞ்சு “வெளிய விளையாட விடுங்க”ன்னு மட்டும் சொல்லாதீங்க. அஞ்சு மணிக்கே மூட்டம் இறங்கிடுது. தேயிலைக்குள்ள காட்டெருமை நிக்கும். கோயில் விளக்குல எண்ணெய் குடிக்க வர்ற கரடி எங்க வாசல் வழியாத்தான் போகும்.

டானிங்டன் தம்பி

அக்கா, போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். இந்த எண்ணெய்த் தடம் வித்தை எங்க அக்கா பையனும் செய்றான், நீங்க மட்டும் இல்ல.

பேட்டர்னை எடுத்துட்டு ஆறு நம்பர் பின் வைங்க. பிறந்த வருஷம், வண்டி நம்பர் ரெண்டும் வேண்டாம், அதைத்தான் முதல்ல போட்டுப் பாப்பாங்க.

அடுத்து ‘ஆப் பின்னிங்’னு ஒண்ணு இருக்கு. செட்டிங்ஸ்ல செக்யூரிட்டிக்குள்ள தேடுங்க. சில போன்ல ‘ஸ்கிரீன் பின்னிங்’னு இருக்கும். ஆன் பண்ணும்போது, வெளிய வர பின் கேக்கணுமான்னு இருக்கற பட்டனையும் மறக்காம ஆன் பண்ணுங்க, இல்லன்னா பிரயோஜனம் இல்ல. அப்புறம் வாட்ஸ்அப்பைத் திறந்து, ஓடுற ஆப் எல்லாம் வரிசையா தெரியுமே, அங்க போய் வாட்ஸ்அப் படத்தைத் தொட்டா ‘பின்’னு வரும். அவ்வளவுதான். உங்க நம்பர் இல்லாம அதை விட்டு வேற ஆப்புக்குப் போக முடியாது.

ஃபேமிலி லிங்க் போடுங்கன்னு யாராவது சொல்லுவாங்க. நல்ல ஆப்தான். ஆனா பிள்ளைக்குன்னு தனி போனோ டேபோ இருந்து, அதை நீங்க உங்க போன்ல இருந்து கட்டுப்படுத்தறதுக்கு அது. ரெண்டு பேருக்கும் ஒரே போன்னா சரிப்படாது.

கொழுந்துக்கூடை

தம்பி, பண்ணிட்டேன், வேலை செய்யுது! ஆனா ஒரே நாள்தான். இன்னிக்கு டீச்சர் ஒரு பாட்டுக்கு யூடியூப் லிங்க் அனுப்பியிருக்காங்க, “கேட்டுட்டு வரணும்”னு. அதைத் தொட்டா திறக்கல. பையன் உதட்டைப் பிதுக்கிக்கிட்டு, “நான் பாட்டு கேக்காம போனா டீச்சர் நிக்க வைப்பாங்க”ங்கறான். பின்னை எடுத்து விட்டேன். அப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லணுமா?

ரெண்டாசிரியர் பள்ளி

கொழுந்துக்கூடை அம்மா, நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. உங்க பள்ளி இல்லை, வேற பக்கம். ஆனா படிச்சதும் எனக்கே குத்துச்சு, ஏன்னா போன வருஷம் வரைக்கும் நானும் இதைத்தான் செஞ்சேன்.

எங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன். ரெண்டு பேர் சேர்ந்து அஞ்சு வகுப்பு பாக்கிறோம். கொரோனா சமயத்துல குரூப் ஒண்ணுதான் பிள்ளைங்களைப் பிடிச்சு வச்சிருந்த கயிறு. அது பழகிப்போச்சு. நாலு மணிக்கு மினி பஸ்ஸைப் பிடிக்கற அவசரத்துல, கரும்பலகையில எழுதிப் பிள்ளைங்களை எழுத வைக்கறதை விட, பஸ்ல உக்காந்து குரூப்ல தட்டிவிடறது எங்களுக்குச் சுலபம். அந்தச் சுலபத்துக்கான விலையை உங்க வீட்டு உள் ரூம்ல நீங்க குடுக்கறீங்க.

மூணாம் வகுப்புக்கு ‘எண்ணும் எழுத்தும்’ங்கற அரசுத் திட்டத்தோட பயிற்சி நூல் இருக்கு. வீட்டுல செய்ய வேண்டியது பெரும்பாலும் அதுலயே, பிள்ளையோட பைக்குள்ளயே இருக்கு. பக்க எண்ணைச் சொன்னா போதும், அதுக்கு போன் எதுக்கு? நான் இப்ப மூணரைக்கு மணி அடிக்கறதுக்கு முன்னாடி, அதாவது கடைசி பத்து நிமிஷத்தை இதுக்குன்னே ஒதுக்கிட்டேன். பிள்ளைங்களே ஒரு சின்ன நோட்டுல எழுதிக்கறாங்க. மூணாவது பிள்ளைக்கு அதுவும் எழுத்துப் பயிற்சிதான். பாட்டை வகுப்புல பாடிடறோம். வேணும்னா என் குரல்ல ஆடியோவா அனுப்புறேன். போனைக் கவுத்து வச்சுட்டே கேக்கலாம்.

குரூப் விஷயத்துல ஒண்ணு. அட்மின் மட்டும் எழுதற மாதிரி குரூப் செட்டிங்ஸ்ல மாத்திட்டா குட்மார்னிங் நின்னுடும். முக்கியமான அறிவிப்பை மேலயே பின் பண்ணி வைக்கலாம். 24 மணி நேரமா, 7 நாளா, 30 நாளான்னு கேக்கும். (தம்பி சொன்ன பின் வேற, இந்தப் பின் வேற. இதுக்கு யார்தான் பேர் வச்சாங்களோ.) உங்க சனிக்கிழமை சேதியை இப்படி வச்சிருந்தா தப்பியிருக்காது.

தலைமை ஆசிரியர்கிட்ட தனியா போய்க் கேக்கத் தயக்கமா இருந்தா பள்ளி மேலாண்மைக் குழுவுல கேளுங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர்தான், உறுப்பினர்ல பாதிப் பேர் பெண்கள். அங்க கேக்கறதுக்கு யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

கூடலூர் மழை

மழை லீவுக்கு எங்க லைன்ல, அதாவது எஸ்டேட்ல வரிசையா இருக்கற வீடுங்கள்ல, ஒரு ஏற்பாடு இருக்கு, சொல்றேன்.

ஜூலை மாசம் எங்க பக்கம் விடாம ஊத்தும். கூடலூர், பந்தலூர் தாலுகாவுக்கு மட்டும் லீவு விடுவாங்க. உங்க கோத்தகிரியில அன்னிக்கு வெயில் அடிச்சாலும் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில அப்படியே தலைகீழ். ஆனா பிள்ளைங்க கண்ணுக்கு ‘நீலகிரி’ன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சா போதும், எந்தத் தாலுகான்னு பாக்காது. இதுல போன வருஷத்து அறிவிப்பை வேற எவனாவது அனுப்பி விடுவான். என் பொண்ணு விடியக்காலம் அஞ்சு மணிக்கே போர்வைக்குள்ள போனோட கிடப்பா. கேட்டா, “லீவான்னு பாக்கறேன்பா.”

இப்ப லைன்ல முதல் வீட்டு அக்கா மட்டும் பாப்பாங்க. தேதி, தாலுகா ரெண்டையும் பாத்துட்டு, லீவுன்னா வாசல் லைட்டைப் போட்டு விடுவாங்க. ஜன்னலைத் திறந்தா தெரிஞ்சிடும். பதினோரு வீட்டுல பத்து வீட்டுக்குக் காலையில போன் தொடற வேலை இல்ல. கரண்ட் போனா மட்டும் அக்கா கதவைத் தட்டுவாங்க.

குன்னூர் கண்ணாடிக்கடை

கண் பரிசோதனை என் தொழில். ரெண்டு விஷயம் சொல்லிட்டுப் போறேன்.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்ற கணக்கு இது: ரெண்டு வயசுக்குள்ள திரையே வேண்டாம், சொந்தக்காரங்களோட எப்பவாவது வீடியோ கால் பேசறது தவிர. 2 முதல் 5 வரை, பெரியவங்க கூட உக்காந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல போகாம. 5 முதல் 10 வரை, ரெண்டு மணி நேரத்துக்குள்ள, அதுலயும் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது. உங்க பையனை விட, அண்ணன் தோள்ல சாஞ்சிருக்கற அந்தச் சின்னதைத்தான் நான் முதல்ல பாப்பேன். அதோட கணக்கு முதல் ஒரு மணி நேரத்துலயே முடிஞ்சு போச்சு.

இன்னொண்ணு. கிட்டப்பார்வை வராம இருக்க வெளி வெளிச்சம் ரொம்ப முக்கியம். மூட்டமா இருக்கேன்னு நினைக்காதீங்க. மேகம் மூடின பகல்ல வெளிய இருக்கற வெளிச்சம், வீட்டுக்குள்ள டியூப்லைட் குடுக்கறதை விடப் பல மடங்கு. சாயங்காலம் கரடி வரும்னா சாயங்காலம் விட வேண்டாம். காலையில அரை மணி முன்னாடி பள்ளிக்கூடத்துல கொண்டு போய் விட முடியுமா? மத்தியானம் சாப்பிட்டதும் மைதானத்துக்கு அனுப்புறாங்களா, இல்ல வகுப்புக்குள்ளயே உக்கார வைக்கிறாங்களான்னு டீச்சர்கிட்ட கேளுங்க. குளிருதுன்னு உள்ளயே வைக்கற பள்ளிங்க நம்ம மலையில உண்டு.

அரவேணு பாட்டி

எல்லாரும் போனையே சொல்றீங்க. மாமியார் என்ன பண்றாங்க கண்ணு?

கொழுந்துக்கூடை

பாட்டி, அவங்க சீரியல் பாப்பாங்க. பிள்ளைங்களும் கூட உக்காந்து பாக்கும். ஆனா ஒண்ணு, சீரியல் முடிஞ்சா எந்திரிச்சுப் போயிடும். அழறதில்ல. போனைப் பிடுங்கினாத்தான் அந்த அழுகை.

அரவேணு பாட்டி

அதுக்கு முடிவு இருக்கு, இதுக்கு இல்லையே. முடியாததைப் பாதியில பிடுங்கினா யாரா இருந்தாலும் அழத்தான் செய்யும். நானே என் பேரன் போன்ல விரலால தள்ளிக்கிட்டே போயி அடுப்புல பாலைப் பொங்க விட்டவ.

டானிங்டன் தம்பி

பாட்டி சொன்னது சரியான பாயிண்ட். அக்கா, “அரை மணி நேரம்”னு சொல்லாதீங்க, “இந்த ஒண்ணு”ன்னு சொல்லுங்க. யூடியூப் கிட்ஸ் தனி ஆப், அதுல நீங்க தேர்ந்தெடுத்த வீடியோ மட்டும் வர்ற மாதிரி வைக்கலாம், தேடற வசதியையும் நிறுத்தலாம். டைமரும் இருக்கு, நேரம் ஆனா அதுவே மூடிக்கும். பிடுங்கின கெட்ட பேர் உங்களுக்கு வராது. பதினஞ்சு நிமிஷக் கதை ஒண்ணு ரெண்டு போட்டு, அந்த ஆப்பையே பின் பண்ணிக் குடுங்க. யூடியூப் ஆப்பை முடக்கிடுங்க, அழிக்க முடியாது, ஆனா ‘டிசேபிள்’ பண்ணலாம். குரோம்ல போய் யூடியூப்னு அடிப்பானான்னு கேட்டா, அடிப்பான். அதுக்குத்தான் பின்.

கொழுந்துக்கூடை (பதினாறு நாள் கழிச்சு)

வந்து சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். வேலை அதிகம், மழை வேற.

மேலாண்மைக் குழு மீட்டிங்ல எந்திரிச்சுக் கேட்டேன். கை நடுங்குச்சு. தலைமை ஆசிரியர் உடனே சரின்னுட்டார். மூணு அம்மாக்கள், “எங்க வீட்டுலயும் இதேதான்”ன்னாங்க. இத்தனை நாளா ஒருத்தரும் வாயைத் திறக்கல! குரூப்ல இப்ப டீச்சருங்க மட்டும்தான் எழுதறாங்க. ஒரு அப்பாவுக்கு மட்டும் கோபம், தினம் பூப்படம் போடறவர். அவருக்காக ‘அரட்டை’ன்னு இன்னொரு குரூப் ஆரம்பிச்சாச்சு. அங்க பூவாக் கொட்டுது.

வீட்டுப்பாடம் நோட்டுல வருது. ஆறு மணிக்கு நான் அடுப்புக்கு முன்னாடி உக்காந்து குரூப்பைச் சத்தமா வாசிப்பேன், பையன் பழைய காலண்டர் பின்பக்கம் எழுதிச் சுவத்துல மாட்டுவான். “நாளை வெள்ளைச் சட்டை. ஒரு பழைய பேப்பர்”ன்னு கோணல் மாணலா இருக்கும். போன் உப்பு ஜாடிக்குப் பக்கத்துல சார்ஜ்ல தொங்கும், கைக்கே போறதில்ல. முதல் நாலு நாள் பெரிய ரகளை. அஞ்சாவது நாள் தங்கச்சிக்கு அவன் டீச்சர் ஆயிட்டான். இப்ப அவளை நிக்க வைக்கறான், அதுக்குத் தனிப் பஞ்சாயத்து.

காலையில எட்டரைக்கே கொண்டு போய் விடறேன். நான் வேலைக்குப் போற வழிதான், ஏன் இத்தனை நாள் தோணலைன்னு தெரியல. மத்தியானம் மைதானத்துக்கு விடறாங்களாம், கேட்டுட்டேன்.

கதை வீடியோ ஒரு நாளைக்கு ரெண்டு. மூணாவது கேப்பான். சில நாள் குடுத்துடறேன், பொய் சொல்லலை.

ஒண்ணு மட்டும் சரியாகல. ஞாயித்துக்கிழமை அவங்க அப்பா வீட்டுல. வாரம் பூரா பிள்ளைங்க முகம் பாக்காத மனுஷன், வண்டிச் சத்தம் கேட்டதும் ரெண்டும் ஓடுதுங்க. அவர் ஆசையா தூக்கிக்கிட்டு, சட்டைப் பையில இருந்து போனை எடுத்து அவன் கையில குடுத்துட்டுத் தூங்கப் போயிடறார். லாக் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு வர்றவரை என்ன சொல்ல? தம்பி, அந்தப் போனுக்கும் இதெல்லாம் போட முடியுமா? அது வேற கம்பெனி.

டானிங்டன் தம்பி

எந்தக் கம்பெனியா இருந்தாலும் போடலாம் அக்கா. லோடு ஏத்தப் போகும்போது அண்ணன் என் கடைப் பக்கம்தானே வண்டியை நிறுத்துவார். அஞ்சு நிமிஷம் வரச் சொல்லுங்க. போனோட.