டாம்கேட்டை மேம்படுத்தியதும் வந்த 503: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

முன்னால் அப்பாச்சி வெப் சர்வர், பின்னால் ஜாவா செயலிகளை ஓட்டும் டாம்கேட் என்று வைத்து ஜாவா சர்வ்லெட் (சர்வரில் ஓடிப் பக்கங்களைத் தரும் ஜாவா நிரல்) ஓட்டுகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தின் விடுப்பு விண்ணப்பச் செயலி டாம்கேட் 9-இன் பழைய பதிப்பில் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்காக அதே 9-இன் புதிய பதிப்புக்கு மாற்றினோம். டாம்கேட் ஒரு பிழையும் காட்டாமல் எழுந்தது. பிரவுசரில் மட்டும் 503, அதாவது ‘சேவை கிடைக்கவில்லை’ என்ற பிழை.

503 வந்தால் நான் பின்னாலிருந்துதான் தேடத் தொடங்குவேன். அப்பாச்சியைத் தொடாமல், அதே மெஷினில் டாம்கேட்டின் 8080 போர்ட்டுக்கு கர்ல் கட்டளை போட்டு நேராகப் பக்கத்தைக் கேட்டேன். பக்கம் வந்தது. சரி, சர்வ்லெட்டில் கோளாறு இல்லை. எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பார்த்தால் 8009-ஐக் காணோம். எங்கள் அப்பாச்சி ஏஜேபி (வெப் சர்வரும் டாம்கேட்டும் தங்களுக்குள் பேசும் நெறிமுறை) வழியாக அந்த போர்ட்டில்தான் டாம்கேட்டோடு பேசும்.

காரணம் கோஸ்ட்கேட். 2020 பிப்ரவரியில் வெளியே தெரிந்த டாம்கேட்டின் பாதுகாப்பு ஓட்டை அது. 8009-ஐ எட்ட முடிந்த எவரும் செயலிக்குள் இருக்கும் கோப்புகளை, பாஸ்வேர்டு உள்ள கான்ஃபிக் உட்பட, படித்துவிடலாம். அதனால் 9.0.31 முதல் டாம்கேட்டின் அமைப்புக் கோப்பான சர்வர்.எக்ஸ்எம்எல்லில் ஏஜேபி வரிகளை, செயல்படாதபடி, கமென்ட்டுக்குள் போட்டுவிட்டார்கள். கமென்ட்டை எடுத்தாலும் போதாது. ரகசியச் சொல் ஒன்று கொடுக்காவிட்டால் அந்த இணைப்பு துவங்காது. அதே சொல்லை அப்பாச்சி பக்கமும் கொடுக்க வேண்டும். அப்பாச்சியின் ஏஜேபி ப்ராக்ஸியில் அந்த வசதி வந்தது 2.4.42-இல். எங்களிடம் இருந்தது அதற்கும் முந்தையது.

ரகசியச் சொல் கட்டாயம் என்பதை அணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பூட்டு எதற்காக வந்ததோ, அந்தக் காரணம் இன்னும் அப்படியே இருக்கிறது.

நாங்கள் ஏஜேபியையே விட்டுவிட்டு 8080-க்கு எச்டிடிபி ப்ராக்ஸி போட்டோம். 503 போனது, அடுத்தது வந்தது: லாகின் செய்ததும் பக்கம் எச்டிடிபிஎஸ்ஸிலிருந்து எச்டிடிபிக்குத் தாவியது. லாகில் எல்லோருடைய ஐபியும் 127.0.0.1, அதாவது அதே மெஷினின் முகவரி. வந்தவர் யார், எந்த வழியாக வந்தார் என்பதை ஏஜேபி தானாகவே கடத்திவிடும். எச்டிடிபியில் நாம்தான் சொல்ல வேண்டும். அப்பாச்சியில் எக்ஸ்-ஃபார்வேர்டட்-ப்ரோட்டோ ஹெடரைச் (வந்தது எச்டிடிபிஎஸ்ஸா என்று சொல்வது) சேர்த்து, ப்ராக்ஸி ப்ரிசர்வ் ஹோஸ்ட்டை (வந்தவர் கேட்ட தளப் பெயரை அப்படியே கடத்துவது) ஆன் செய்து, டாம்கேட்டில் அந்த ஹெடர்களைப் படிக்கும் ரிமோட் ஐபி வால்வ் போட்டதும் இரண்டும் சரியாயின.

—

அண்ணா, எனக்கும் 503தான், காரணம் வேறு. என் சர்வர் சென்ட்ஓஎஸ் லினக்ஸ். 8080-க்கு கர்ல் போட்டால் பக்கம் வருகிறது, அப்பாச்சி வழியாக வரவில்லை. போர்ட் திறந்தே இருக்கிறது. அப்பாச்சியின் எரர் லாகில் ‘பெர்மிஷன் டினைடு’ என்று ஒரு வரி. கோப்பு அனுமதி என்று நினைத்து அலைய வேண்டாம், அது எஸ்ஈலினக்ஸ், லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. அப்பாச்சி வெளியே இணைப்பு எடுப்பதை அது இயல்பாகவே தடுத்து வைத்திருக்கும். எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் என்பதை செட்செபூல் கட்டளையால் 1 ஆக்குங்கள். மைனஸ் பெரிய பி சேர்க்காவிட்டால் ரீபூட்டில் பழையபடி ஆகிவிடும். எஸ்ஈலினக்ஸை மொத்தமாக அணைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது; ஒரு வரியில் முடிகிற வேலை இது.

—

என்னுடையது 404, ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற பிழை. டாம்கேட் 9-இல் ஓடிய வார் கோப்பை (செயலி முழுவதும் அடங்கிய தொகுப்பு) 10-இல் போட்டேன். டெப்ளாய் ஆனது, முகப்புப் பக்கமும் வந்தது, சர்வ்லெட் எதுவும் கிடைக்கவில்லை. 10-இல் ஜாவாக்ஸ்.சர்வ்லெட் என்ற பேக்கேஜ் பெயர் ஜகார்த்தா.சர்வ்லெட் ஆகிவிட்டது. எங்கள் சர்வ்லெட்டுகள் எல்லாம் அனோட்டேஷனில் (கோடிலேயே எழுதும் குறிப்பில்) பதிவாகியிருந்ததால், பழைய பெயரில் உள்ளவற்றை டாம்கேட் சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விட்டது. வாரை வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ ஃபோல்டரில் போட்டால் அதுவே மாற்றிக்கொள்கிறது. இப்போது அந்த 404 இல்லை, ஆனால் ஒரு செயலி மட்டும் ‘லிசனர் (செயலி எழும்போது ஓடும் நிரல்) துவங்கவில்லை’ என்று நிற்கிறது. டாம்கேட்டின் பொது லாகான கேட்டலினா.அவுட்டில் அதற்கு மேல் விவரம் இல்லை. என்ன செய்யலாம் அண்ணா?

—

தம்பி, அதே லாக்ஸ் ஃபோல்டரில் லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கி, தேதி போட்ட இன்னொரு கோப்பு இருக்கும். லிசனர் ஏன் விழுந்தது என்ற முழு ஸ்டாக் ட்ரேஸும் (பிழை எங்கிருந்து வந்தது என்ற பட்டியல்) அங்கேதான் எழுதப்படும். ‘காஸ்ட் பை’ என்று வரும் கடைசி வரியை இங்கே போடுங்கள், பார்க்கலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்தால் மறைத்துவிட்டுப் போடுங்கள்.